கெப்பில் படகு ட்ரெய்லர் இழுக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்ச் பிறந்து கடல் அடங்கத் தொடங்கினால் திருகோணமலையில் ட்ரெய்லர்களும் வெளியே வந்துவிடும். மேற்குக் கரையிலிருந்து படகோடு வருகிற மீனவர்கள், நிலாவெளியில் புறாத்தீவுக்கு ஆள் ஏற்றுகிறவர்கள், உப்புவெளியில் திமிங்கிலம் காட்டப் படகு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் கராஜுக்கு வருவார்கள். டோ பார் பூட்டிக் கொடுக்கும் எங்களிடம் அவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே அவற்றைக் கீழே போட்டிருக்கிறேன்.

முதலில் மூன்று சொற்கள். கெப்பின் (பிக்கப் வாகனத்தின்) பின்னால் நீண்டிருக்கும் டோ பாரின் முனையில் இருப்பது குண்டு. ட்ரெய்லரின் மூக்கில் அந்தக் குண்டைக் கவ்வுவது கப்ளர். கப்ளர் குண்டின் மேல் எவ்வளவு பாரத்தை அழுத்துகிறதோ அதை இங்கே மூக்குப் பாரம் என்று எழுதுகிறேன்.

அண்ணை, மட்டமா இருக்கோணும் எண்டு எல்லாரும் சொல்லுறீங்கள். எது மட்டமா இருக்கோணும், கெப்பா ட்ரெய்லரா?

முதலில் ட்ரெய்லர். அதன் சட்டம் நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். மூக்கு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தால் பரவாயில்லை, உயர்ந்திருக்கக் கூடாது. மூக்கு உயர்ந்தால் பாரம் பின்னுக்குச் சாயும், மூக்குப் பாரம் குறையும், ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். இரண்டு அச்சு ட்ரெய்லர் என்றால் பின் அச்சு மட்டும் சுமையைத் தாங்கி அந்த டயர்கள் சூடாகும். ஒரேயடியாக மூக்குத் தாழ்ந்தாலும் தொல்லைதான். பள்ளங்களில் கப்ளர் நிலத்தில் அடிக்கும். படகுக்குள் விழும் மழைத் தண்ணீர் பின்பக்கத் துளையால் வடியாமல் முன்பக்கமே தேங்கி நிற்கும்.

கெப் கோடு போட்ட மாதிரி மட்டமாக நிற்க வேண்டியதில்லை. வெறுமையாக இருக்கும்போது அதன் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருப்பதே பாரம் ஏறினால் பதியட்டும் என்றுதான். கெப்பில் பார்க்க வேண்டியது முன்பக்கம் எவ்வளவு எழும்புகிறது என்பதை.

பின்பக்கம் கொஞ்சம் பதிஞ்சா என்ன? ஓடத்தானே போகுது.

பதிவதை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஒரு பக்கம் பதிய மறுபக்கம் எழும்புகிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும். கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள்: பின் சில்லுதான் தூண், அதற்குப் பின்னால் தொங்குவது ட்ரெய்லர், முன்னால் இருப்பது எஞ்சினும் ஸ்டியரிங்கும்.

டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப்பை எடுத்தால் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 3 மீற்றருக்குச் சற்று மேல். பின் அச்சிலிருந்து குண்டு வரை ஒன்றேகால் மீற்றர் என்று வைப்போம். குண்டில் 100 கிலோ வைத்தால் பின் அச்சில் ஏறுவது 100 அல்ல, 140 கிலோ. அந்த மேலதிக 40 கிலோவும் முன் அச்சிலிருந்து கழிகிறது. வாகனத்தைத் திருப்புவது முன் சில்லு. பிரேக் பிடிக்கும்போது அதிக வேலை செய்வதும் அதுவே. அதன் பாரத்தைக் கழற்றினால் ஸ்டியரிங் இலகுவாகிப் 'பறக்கிற' மாதிரி இருக்கும்.

ஹெட்லைற்றையும் மறக்க வேண்டாம். முன்பக்கம் எழும்பினால் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகும், உங்களுக்கு முன்னால் கிட்ட இருக்கும் வீதி இருட்டாகிவிடும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை வீதிக்கு வரும் இடங்களில் அது விளையாட்டல்ல. பல கெப்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வெளிச்சத்தைத் தாழ்த்தும் சிறு சில்லு இருக்கும், அதைத் திருகலாம். ஆனால் அது வெளிச்சத்தைத் திருத்துமே தவிர, முன் அச்சுக்குப் பாரத்தைத் திருப்பிக் கொடுக்காது.

அளக்கிறது எப்பிடி? கண்ணால பார்த்தாப் போதாதோ?

போதாது. நிலம் சாய்ந்திருந்தால் கண் ஏமாந்துவிடும். நல்ல சீமெந்துத் தரை ஒன்றைப் பிடியுங்கள். அது உண்மையிலேயே மட்டமா என்று பார்க்க மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் போதும். உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்து, ஒரு முனையைக் கெப்பின் முன் சில்லருகிலும் மறு முனையை ட்ரெய்லரின் பின் முனையிலும் பிடியுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் உயரத்தை நிலத்திலிருந்து அளந்தால் தரையின் சாய்வு தெரிந்துவிடும்.

அப்புறம் கெப்பின் நான்கு சில்லுகளுக்கும் நேர் மேலே, மட்கார்ட் விளிம்பிலிருந்து நிலம் வரை அளந்து எழுதுங்கள். ட்ரெய்லரைப் பூட்டிவிட்டு அதே நான்கு இடங்களையும் மீண்டும் அளவுங்கள். முன்பக்கம் எத்தனை மில்லிமீற்றர் எழும்பியது, பின்பக்கம் எத்தனை பதிந்தது என்ற இரண்டு எண்களை வைத்துத்தான் இனி வரும் எல்லாப் பதிலும். அளக்கும்போது கெப்பில் வழக்கமாக ஏறும் ஆட்கள், ஐஸ் பெட்டி, வலை, எண்ணெய் எல்லாம் ஏறியிருக்க வேண்டும். வெறும் கெப்பை அளந்துவிட்டு வந்து டோ பார் கேட்கிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் இங்கே வழக்கம்.

அப்ப டோ பாரை எவ்வளவு கீழ இறக்கோணும்?

ட்ரெய்லரைத் தனியாக, சட்டம் மட்டமாக வரும்வரை ஜொக்கியில் (மூக்கைத் தாங்கி உயர்த்தித் தாழ்த்தும் சிறு சில்லில்) நிறுத்துங்கள். கப்ளரின் உள்கூரையிலிருந்து நிலம் வரை அளவுங்கள். 43 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இனிப் பாரம் ஏற்றிய கெப்பின் டோ பாரில், மூக்குப் பாரத்துக்குச் சமமான எடையுள்ள ஒருவரை ஏறி நிற்கச் சொல்லுங்கள். மூக்குப் பாரம் 60 கிலோ என்றால் 60 கிலோ ஆள். அவர் நிற்கும்போது குண்டின் உச்சி 48 சென்ரிமீற்றரில் இருந்தால், நீங்கள் இறக்க வேண்டியது 5 சென்ரிமீற்றர்.

ஐரோப்பிய முறையில் பாரம் ஏறிய வாகனத்தில் குண்டின் நடு 35 முதல் 42 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ட்ரெய்லர்கள் பல அந்த உயரத்துக்குச் செய்தவை. நம் ஃபோர் வீல் கெப்கள் அதைவிட உயரமாக நிற்பதால்தான் மூக்கு மேலே பார்க்கிறது. இறக்குவதற்கென்றே செய்த, தாங்கு பாரம் பொறித்த துண்டை வாங்கிப் பூட்டுங்கள். கையில் கிடைத்த தகட்டை வெட்டி ஒட்டுப் போட்டு இறக்குவதை நான் செய்து கொடுப்பதில்லை.

குண்டு எல்லாம் ஒரே சைஸ்தானே?

இல்லை. 50 மில்லிமீற்றர் ஒன்று, இரண்டு அங்குலம் ஒன்று. இரண்டு அங்குலம் என்பது 50.8 மில்லிமீற்றர். வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை, ஆனால் இரண்டு அங்குலக் கப்ளரை 50 மில்லிமீற்றர் குண்டில் போட்டால் ஆடும், தேய்ந்தபின் குலுக்கலில் கழன்றும் போகலாம். குண்டிலும் கப்ளரிலும் அளவு பொறித்திருக்கும், துருவைத் தேய்த்துவிட்டுப் படியுங்கள். பூட்டிய பிறகு ட்ரெய்லரின் ஜொக்கியை உயர்த்திப் பாருங்கள். கெப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் பூட்டு விழுந்திருக்கிறது.

மூக்குப் பாரம் எவ்வளவு வேணும்? அதை நிறுக்க எங்க போறது?

ஆட்கள் தங்கும் கரவன் ட்ரெய்லர்களுக்கு அமெரிக்காவில் மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் என்பார்கள். படகு ட்ரெய்லருக்கு 5 முதல் 10 வீதம் பொதுவான அளவு. படகு, எஞ்சின், எண்ணெய், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 800 கிலோ என்றால் 40 முதல் 80 கிலோவுக்குள். நான் 60ஐ ஒட்டி வைக்கச் சொல்வேன். டோ பாரிலும் வாகனக் கையேட்டிலும் அதிகபட்சம் போட்டிருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

நிறுக்க நம்மூரில் வசதி நிறைய. மீன் வாடியில் தொங்குகிற பெரிய தராசு இருக்கிறதே, அதைச் செயின் புளொக்கில் மாட்டி, கப்ளரை அதன் கொழுவியில் கட்டி, குண்டின் உயரத்துக்குத் தூக்குங்கள். தராசு காட்டுவதுதான் மூக்குப் பாரம். ட்ரெய்லர் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுத் தூக்குங்கள், தூக்கிய மூக்கின் கீழ் யாரும் கால் வைக்க வேண்டாம். குளியலறைத் தராசுதான் இருக்கிறது, பாரம் அதன் எல்லையைத் தாண்டும் என்றால் பலகை முறை: பலகையின் ஒரு முனையைக் கல்லின் மேலும் மறு முனையைத் தராசின் மேலும் வைத்து, கல்லிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மூக்கை இறக்குங்கள். வெறும் பலகைக்குத் தராசு காட்டியதைக் கழித்து, மிச்சத்தை மூன்றால் பெருக்குங்கள்.

நிறுத்துப் பார்த்தன், 25 கிலோதான் காட்டுது. என்ன செய்யிறது?

படகை முன்னால் கொண்டு போக வேண்டும். படகை இழுத்து ஏற்றும் வின்ச் நிற்கும் தூணின் போல்ட்டைத் தளர்த்தி முன்னுக்கு நகர்த்தினால் படகும் அதோடு வரும். அச்சிலிருந்து கப்ளர் வரை 4 மீற்றர், படகும் எஞ்சினும் 600 கிலோ என்றால், 10 சென்ரிமீற்றர் நகர்த்தும்போது மூக்கில் 15 கிலோ ஏறும். உங்களுக்கு 35 கிலோ தேவை, ஆகவே 23 சென்ரிமீற்றர் அளவில் நகர்த்த வேண்டும். நகர்த்தியபின் படகின் பின்பலகை ட்ரெய்லரின் கடைசித் தாங்கியைத் தாண்டி வெளியே தொங்கக் கூடாது. எஞ்சின் பாரம் முழுக்க அந்தப் பலகையில்தான் இருக்கிறது.

அவ்வளவு நகர்த்த இடமில்லையென்றால் அச்சைப் பின்னுக்கு எடுக்கலாம். யூ போல்ட்டில் பூட்டிய அச்சு என்றால் அரை நாள் வேலை. அதற்கு முன் படகுக்குள் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். நங்கூரமும் எண்ணெய்க் கானும் பின்பக்கத்தில் கிடந்தால் அவற்றை முன்னே வைப்பதிலேயே பாதி சரியாகிவிடும்.

ஸ்பிரிங் தகடு ஒண்டு கூடப் போட்டா முடிஞ்சுது எண்டு ஒராள் சொன்னார். நீங்கள் ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறீங்கள்?

தகடு கூட்டினால் கெப்பின் பின்பக்கம் எழும்பும், பார்க்க வடிவாக மட்டமாகத் தெரியும். ஆனால் மேலே சொன்ன அந்த 40 கிலோ முன் அச்சுக்குத் திரும்பி வராது. ஸ்பிரிங்கோடு பூட்டும் காற்றுப் பையான ஏர் பேக்கும் அப்படித்தான். உயரத்தைத் தருமே தவிர பாரத்தை இடம் மாற்றாது. பாரம் பிழையாக இருக்கும்போது வாகனம் பதிந்து நின்றால் அதையாவது கண்டுபிடிக்கலாம். ஸ்பிரிங் போட்டு மட்டமாக்கினால் அந்த அடையாளமும் மறைந்துவிடும்.

அதற்காக ஸ்பிரிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. சாமான் ஏற்றும் பின் தட்டில் ஐஸ் பெட்டியும் வலையும் எப்போதும் ஏற்றுகிற கெப்பில், பழைய தகடுகள் சோர்ந்து போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஒழுங்கு இதுதான்: முதலில் தட்டில் உள்ள பாரமான சாமான்களைப் பின் சில்லுக்கு முன்னால், கபினோடு ஒட்டி வையுங்கள். பிறகு மூக்குப் பாரம், பிறகு குண்டின் உயரம். அதற்குப் பிறகும் பதிந்தால் ஸ்பிரிங். மூக்குப் பாரமும் ஆட்களும் சாமானும் சேர்ந்து கெப்பின் அனுமதிக்கப்பட்ட மொத்தப் பாரத்தைத் தாண்டினால் எந்த ஸ்பிரிங்கும் அந்த எல்லையை உயர்த்தாது.

யூடியூப்பில வெள்ளைக்காரன் ட்ரெய்லருக்கு ரெண்டு பக்கமும் இரும்புச் சட்டம் மாட்டிச் சங்கிலியால இழுத்துக் கட்டுறான். அது எங்களுக்கும் வேணுமோ?

அதுதான் பாரத்தை உண்மையாகவே இடம் மாற்றும் கருவி. டோ பாரின் முனையிலிருந்து பின்னோக்கி நீளும் அந்த இரண்டு சட்டங்களும் ஸ்பிரிங் மாதிரி வளைந்து, கெப்பின் பின்பக்கத்தை நெம்பி, கொஞ்சப் பாரத்தை முன் அச்சுக்கும் கொஞ்சத்தை ட்ரெய்லர் அச்சுக்கும் தள்ளும். பெரிய கரவனுக்கு அது தேவை. பல அமெரிக்க பிக்கப்களில் 5000 இறாத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ 2270 கிலோவுக்கு மேல் போனால் அது கட்டாயம். முன் மட்கார்ட் எழும்பிய உயரத்தில் குறைந்தது பாதியாவது திரும்பி வரும்வரை சங்கிலியை இறுக்குவார்கள். மேலே அளந்து எழுதச் சொன்னேனே, அதே அளவுதான்.

நம் 800 கிலோ படகு ட்ரெய்லருக்கு அது தேவையில்லை. கெப் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னே தள்ள, கப்ளரின் தண்டு உள்ளே வழுக்கிப் பிடிக்கும் பிரேக் (தள்ளினால் பிடிக்கும் பிரேக்) உள்ள ட்ரெய்லர்கள் பலவற்றில் அதைப் பூட்டவும் கூடாது. சட்டங்களின் இறுக்கம் கப்ளரின் வழுக்கலைத் தடுத்து பிரேக்கைக் கெடுத்துவிடும்.

ட்ரெய்லருக்கு பிரேக் இல்லை. 3500 கிலோ இழுக்கும் எண்டுதானே விளம்பரத்தில போட்டிருக்கு?

அந்த 3500 பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு, அதுவும் சில நாடுகளில் விற்கும் சில மாடல்களுக்கு. அதே வாகனத்துக்குப் பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் பெரும்பாலும் 750 கிலோதான் எல்லை. ஆகவே உதாரணத்துக்குச் சொன்ன 800 கிலோவுக்கே பிரேக் வேண்டும். தள்ளினால் பிடிக்கும் பிரேக் போடுகிறீர்கள் என்றால் மட்டம் இன்னும் முக்கியம். கப்ளர் சாய்ந்து நின்றால் உள்ளே வழுக்கும் தண்டு இறுகி, பிரேக் பிந்தியோ வெட்டியோ பிடிக்கும். ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. உங்கள் லைசன்ஸ் வகுப்பு அதற்குச் சரியா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹபரணை ரோட்டில பஸ் ஒண்டு ஓவர்டேக் பண்ண ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கிட்டுது. என்ன செய்திருக்கோணும்?

அக்சிலேற்றரில் இருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடியுங்கள், வேகம் தானாகக் குறையட்டும். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டாம். கெப்பின் பிரேக்கைச் சடாரென்று மிதிக்கவே வேண்டாம். ஆட்டம் நின்றபின் ஓரங்கட்டி இறங்கிப் பாருங்கள்.

காரணம் பெரும்பாலும் மூக்குப் பாரம் குறைவு. அடுத்தது வேகம், அதற்கடுத்தது டயரில் காற்றுக் குறைவு. காற்றைப் புறப்படுமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவு. 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலம் கிட்டத்தட்ட 400 மீற்றர் நீளம், மறைப்பே இல்லை. கச்சான் காற்று பலமாக வீசுகிற நாளில் அதில் பக்கக் காற்று அடிக்கும். பஸ்ஸுக்கு ஆடாத ட்ரெய்லர்கூட அங்கே ஆடலாம், ஆறுதலாகப் போங்கள்.

நீங்கள் சொன்னபடி இறக்கிப் பூட்டினன் நானா. ரோட்டில சோக்கா வருது, கடற்கரையில டோ பார் மண்ணை உழுதுகொண்டு போகுது.

உழத்தான் செய்யும். நிலாவெளி மாதிரி மென்மணலில் 5 சென்ரிமீற்றர் இறக்கியதுகூடத் தெரியும். அதனால்தான் குறுக்கு ஊசியை (pin) இழுத்துக் கழற்றக்கூடிய, உயரம் மாற்றக்கூடிய வகையை வாங்கச் சொல்கிறேன். கரையில் மேல் துளையில் பூட்டி இறக்குங்கள், வீதிக்கு ஏறுமுன் கீழ்த் துளைக்கு மாற்றுங்கள். மணலுக்காகக் குறைத்த டயர் காற்றையும் வீதிக்கு வருமுன் நிரப்ப வேண்டும், பலர் மறப்பது அதைத்தான்.

இன்னொன்று: நீண்ட ஓட்டம் ஓடி வந்த கையோடு ட்ரெய்லரைக் கடலுக்குள் இறக்காதீர்கள். சில்லின் நடுவில் பெயாரிங் இருக்கும் ஹப் சூடாக இருந்து சடுதியாகக் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பெயாரிங் போவது அப்படித்தான். கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறியபின் இறக்குங்கள்.

எல்லாம் சரியா அளந்து பூட்டினது. போகேக்க மட்டம், திரும்பி வரேக்க மட்டும் மூக்குத் தூக்குது, ஆடுது. கெப்பில என்ன பிழை?

கெப்பில் பிழையில்லை, படகுக்குள் தண்ணீர். கடலிலிருந்து ஏற்றிய படகின் அடித்தளத்தில் 100 லீற்றர் தண்ணீர் கிடந்தால் மேலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. அது 100 கிலோ. சரிவில் ஏற்றும்போது அது பின்பக்கம் ஓடிப்போய் நிற்கும். அச்சுக்கு 2 மீற்றர் பின்னால் 100 கிலோ நின்றால், 4 மீற்றர் முன்னால் உள்ள மூக்கிலிருந்து 50 கிலோ கழியும். கவனமாக வைத்த 60இல் மிச்சம் 10. ஆடாமல் என்ன செய்யும்?

படகை ஏற்றியதும், சரிவில் நிற்கும்போதே பின்பலகையின் அடைப்பைத் திருகிக் கழற்றி, தண்ணீர் வடிந்து சொட்டாகும்வரை நில்லுங்கள். அடைப்பைச் சட்டைப்பையில் போடாமல் கெப் சாவிக் கொத்தோடு கொழுவி வையுங்கள், அடுத்த முறை படகை இறக்குமுன் கையில் இருக்கும். ஃபைபர் உடைந்து இரு சுவர்களுக்கு நடுவே ஊறியிருந்தால் அடைப்பைக் கழற்றியும் போகாது. ஒருமுறை வாகன எடைப்பாலத்தில் ஏற்றிப் பழைய பாரத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அந்தப் படகை ஃபைபர் வேலை செய்கிறவரிடம் கொண்டு போங்கள், எங்களிடம் அல்ல.